சுகர், பிரஷர் என்று சீட்டில் எழுதிவிட்டார்கள்: முதல் மூன்று மாதம் என்ன செய்வது?

சுகரும் பிரஷரும் வலிக்காத வியாதிகள். சிக்கலே அங்கேதான். பல்வலிக்கு மாத்திரை போட்டால் வலி நிற்கிறது, நாமும் மாத்திரையை நிறுத்துகிறோம். அதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் கதை கெட்டது. 180/110 பிரஷரோடு நாற்று நடப் போகிறவர்களும், சாப்பிட்ட பின் 350 சுகரோடு "எனக்கு ஒண்ணும் பண்ணல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிறவர்களும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் என்சிடி (தொற்றா நோய்) அறைக்கு வராத நாளே கிடையாது. அவர்கள் பொய் சொல்வதில்லை. கண்ணிலோ சிறுநீரகத்திலோ இதயத்திலோ சேதம் முற்றும்வரை உடம்பு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் "எப்படி இருக்கு?" என்று உடம்பைக் கேட்பதை விட்டுவிட்டு "எவ்வளவு இருக்கு?" என்று மீட்டரைக் கேட்கப் பழகவேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் அது 14.4 சதவீதம். உங்கள் தெருவில் நாலு வீட்டில் விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார். அவரிடம் தைரியம் வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை: எண்களை எழுதி வையுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் உங்களுக்கு நோய் இருப்பதாக எந்த எண்ணை வைத்துச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது, இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யவேண்டும். பிரஷரும் அப்படித்தான்: வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோதான் கணக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த மூச்சோடு ஒரு தரம் பார்த்ததை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

அடுத்த பக்கத்தில் இலக்கு. பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள், எச்பிஏ1சி 7-க்குள், பிரஷர் 130/80-ஐ ஒட்டி. எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் முப்பத்தைந்து வயது டிரைவருக்கும் ஒரே இலக்கு கிடையாது. வயதானவர்களுக்குச் சற்றுத் தளர்வாகவே வைப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சுகர் திடீரென்று இறங்குவதுதான் பெரிய ஆபத்து. "எனக்கு எவ்வளவு இருக்கணும் டாக்டர்?" என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எச்பிஏ1சி அப்போது ஏமாற்றும்.

மாத்திரை: எங்கே வாங்குவது, எப்படிப் போடுவது

பணம் கொடுத்து வாங்க முடியாது என்பதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டிய அவசியம் தமிழ்நாட்டில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்சிடி பிரிவில் பதிந்துகொண்டால் சுகர், பிரஷர் மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் கேட்டுப் பதியுங்கள். வெளியில் வாங்குகிறவர்களுக்கு மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் வந்த முதல்வர் மருந்தகம் இரண்டிலும் ஜெனரிக் (கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வரும்) மாத்திரை விலை குறைவு.

அரசு மாத்திரையின் நிறமும் அட்டையும் ஒரே மாதிரி வருவதில்லை. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள் என்று பலர் பயந்து தூர வைத்துவிடுகிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் என்றால், அட்டையின் பின்பக்கம் மெட்ஃபார்மின் 500 என்று எழுதியிருக்கும். பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் அது அதே மாத்திரைதான். இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. அரசு மருத்துவமனையில் கொடுத்த கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை ஒரு பக்கம், தனியார் கிளினிக்கில் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய அதே கிளிமிபிரைடு மறுபக்கம் என்று இரண்டையும் போட்டுவிட்டு நடுச்சாமத்தில் சுகர் இறங்கி வியர்த்து விழுபவர்கள் உண்டு. எங்கே போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

அதிகம் எழுதப்படும் மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் சில நாட்கள் வயிறு பொருமும், சிலருக்குப் பேதியாகும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் அடங்கும். வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். கால் மரத்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்ஆர், எக்ஸ்ஆர் (மெதுவாகக் கரைவது) என்று போட்ட மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, சுகர் இறங்கிவிடும். பிரஷருக்கு வரும் ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும், அந்த இருமலுக்கு இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இப்படி ஏதாவது வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றுவதற்கு வேறு மாத்திரை இருக்கிறது.

வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம், விட்டதை விட்டுவிடுங்கள். கையில் பத்து நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். கல்யாணம், அறுவடை, மழை என்று ஏதாவது குறுக்கே வரத்தான் செய்யும். மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் கழித்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா இருந்துச்சு, அதான் விட்டேன்." மாத்திரை வேலை செய்ததால்தான் நன்றாக இருந்தது.

இன்சுலின் எழுதினால் "கடைசிக் கட்டம்" என்று நினைத்து அழ வேண்டாம். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்ததை அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம். வேலூர், திருத்தணிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? தண்ணீர் தெளித்த மண்பானைக்குள், ஈரம் படாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கலாம். ஒரே இடத்தில் தினமும் குத்தினால் கட்டி தட்டும், மருந்து ஒழுங்காக ஏறாது. இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

வீட்டில் அளப்பது

முடிந்தால் மேல்கையில் சுற்றும் பிரஷர் மெஷினை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை காபி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு காலும் தரையில் பதிய, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் சராசரி 135/85-க்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் நோட்டைக் காட்டுங்கள். ஒரு நாள் 150 என்று வந்ததற்காகக் கூடுதல் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டாம்.

குளுக்கோமீட்டரில் ஏமாறும் இடம் விரல்தான். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 130 இருப்பவருக்கு 250 காட்டும், அது ரத்தத்தின் சர்க்கரை அல்ல, பழத்தின் சர்க்கரை. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள். அங்கே வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று அழுத்திப் பிதுக்காமல், கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் ஆட்டினால் வந்துவிடும். ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள், எடுத்ததும் மூடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

ஸ்ட்ரிப் விலை இருப்பதால் தினமும் எல்லாருக்கும் தேவையில்லை. மாத்திரை மட்டும் போடுகிறவர் வாரத்தில் இரண்டு நாள், வெறும் வயிற்றில் ஒன்று, பெரிய சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று பார்த்தால் முதல் மூன்று மாதத்துக்கு நல்ல படம் கிடைக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவர் சொன்ன கணக்கைப் பின்பற்றவேண்டும்.

சாப்பாடு

சுகர் என்றதும் வீட்டில் முதலில் நடப்பது ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் கேழ்வரகுக் கஞ்சி. சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் மாவுச்சத்துக் கணக்கில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சுகர் விறுவிறுவென்று ஏறும். நம்பவில்லை என்றால் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். மீட்டர் கையில் இருப்பதன் பெரிய பயன் இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையும் வாட்ஸ்அப் சொல்வதையும் நீங்களே சோதித்துவிடலாம்.

எளிய வழி, தட்டைப் பிரிப்பது. பாதித் தட்டுக்குப் பொரியல், கூட்டு, கீரை. கால் தட்டுக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் மாதிரி ஏதாவது. மிச்சமுள்ள கால் தட்டில்தான் சோறு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது, சோற்று மலையின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். முதல் வாரமே பாதியாகக் குறைக்கப் பார்த்தால் பசியில் ராத்திரி பிஸ்கட் டப்பாவைத் தேடுவீர்கள். வாரத்துக்கு ஒரு கரண்டி குறையுங்கள், அந்த இடத்தைக் காயால் நிரப்புங்கள். காலையில் நாலு இட்லியை இரண்டாக்கி, சாம்பாரைக் காய் நிறையப் போட்டுக் கெட்டியாகக் கொடுங்கள். கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருந்தால் பதினொரு மணிக்கு வடை கூப்பிடாது.

டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு மூன்று டீ என்றால் கிட்டத்தட்ட 25 கிராம் சர்க்கரை அதிலேயே போகிறது. முதலில் கைவைக்க வேண்டியது இதில். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் சுகரை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சளைத்தவை அல்ல.

உப்பு நாளைக்கு 5 கிராம், தலைதட்டி ஒரு டீஸ்பூன். அது ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், மிக்சர் எல்லாம் சேர்த்த கணக்கு. சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொள்வது சிரிப்பான காரியம். இந்துப்பும் உப்புதான். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகளைப் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம்.

பாகற்காய் ஜூஸ், வெந்தயம், ஆவாரம்பூ எல்லாம் பலரும் எடுக்கிறார்கள். எடுப்பதை மறைக்காதீர்கள். சுகர் மாத்திரையோடு சேர்ந்து சுகர் ரொம்ப இறங்கக்கூடும். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத பொடியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சித்த மருத்துவம் பார்க்க விருப்பமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளும் இந்தக் கணக்கில் சேரும்: பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம். காலையில் எழுந்து நடக்க முடியாதவர்கள் சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலே போதும், அந்த வேளைச் சுகர் ஏறுவது குறையும். "வீட்டு வேலையே நாள் முழுக்க செய்றேன், இன்னும் என்ன நடக்கிறது" என்று பெண்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து நடப்பது வேறு. முட்டி வலிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழுந்து உட்காரலாம். தொடைச் சதை வலுத்தால் முட்டியும் தாங்கும், சுகரும் இறங்கும்.

சுகர் இறங்கினால்

70-க்குக் கீழே வந்தால் லோ சுகர். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கொலைப்பசி, காரணமில்லாத கோபம். அட்டினலால், மெட்டோப்ரலால் என்ற பிரஷர் மாத்திரைகளைப் போடுகிறவர்களுக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம், வியர்வைதான் துப்பு. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் இட்லியோ சோறோ சாப்பிடவேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். இந்தப் பத்தியை மட்டுமாவது வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் படிக்கும் நிலையில் இருக்கமாட்டீர்கள்.

கால்

தினமும் படுக்கும்முன் இரண்டு நிமிடம். விரல் இடுக்கு, குதிகால், பாதத்தின் அடி. குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள் அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது. வெந்நீர் ஒத்தடம், காலாணியைப் பிளேடால் சீவுவது இரண்டும் வேண்டாம். செருப்பு வீட்டுக்குள்ளும் இருக்கட்டும். கோயில்தான் நம் ஊரில் பெரிய சோதனை: மதிய வெயிலில் பிரகாரத்துக் கல்லில் நடந்து கொப்புளம் போட்டது மறுநாள் சாக்ஸ் ஈரமான பிறகுதான் தெரிகிறது. காலையிலோ சாயங்காலமோ போங்கள், தடிமனான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பழனிக்கோ சபரிமலைக்கோ நடக்க வேண்டுதல் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் காலைக் காட்டி, உணர்ச்சி இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டு கிளம்புங்கள்.

காய்ச்சல், விரதம்

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாட்களில் மெட்ஃபார்மினையும் சில பிரஷர் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம், இன்சுலினை மொத்தமாக நிறுத்தக் கூடாது. இதை அன்றைக்குத் தேடி அலையாமல் இப்போதே கேட்டு நோட்டில் எழுதுங்கள். கந்த சஷ்டியோ ரமலானோ, விரதம் இருப்பதென்றால் சில வாரம் முன்பே போய்ச் சொன்னால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார்கள். விரதத்தின் நடுவில் சுகர் 70-க்குக் கீழே போனால் விரதத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் என்றால் யோசிக்காமல் 108. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை. சுகர் உள்ளவர்களுக்குக் காசநோய் வர வாய்ப்பு அதிகம்.

மனசு

"இனிமே எதையும் சாப்பிடக் கூடாதா" என்ற ஆற்றாமையும், வீட்டில் எல்லாரும் காவல் காப்பது போன்ற எரிச்சலும் முதல் சில வாரம் இருக்கும். மருமகள் லட்டுத் தட்டை மறைத்து வைப்பதைவிட, வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல் செய்வது உதவும். அவர்களும் அதே தட்டில் சாப்பிட்டால் உங்களுக்குத் தண்டனையாகத் தெரியாது, அவர்களுக்கும் நல்லது. தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சுகரோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது சாதாரணம், அதற்கும் சிகிச்சை உண்டு. 104-ஐ அழைத்தும் பேசலாம்.

மூன்றாவது மாதம்

எச்பிஏ1சி மறுபடியும் பார்க்கும் நேரம். அதோடு இதுவரை பார்க்கவில்லை என்றால் கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், அதோடு கொழுப்பு, இசிஜி, காலில் உணர்ச்சிப் பரிசோதனை இவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கண், சிறுநீர், கிரியாட்டினின், கால் நான்கையும் வருடம் ஒருமுறை திரும்பப் பார்க்கவேண்டும். பிறந்தநாள் மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.

"சுகர் வந்தா போகவே போகாதா?" என்று எல்லாரும் கேட்பார்கள். நோய் வந்து சில வருடங்களே ஆன, எடை கூடுதலாக உள்ளவர்களில் சிலர் பத்து, பதினைந்து கிலோ குறைத்தபின் மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் நிற்கிறது. ஆனால் நிறுத்துவது ரிசல்ட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லி, பின்பும் சோதித்துக்கொண்டே. எடை ஏறினால் அதுவும் திரும்பி வரும்.

போகும்போது நோட்டு, மாத்திரைப் பை, பழைய ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். மருத்துவருக்கு முன்னால் கூட்டம் நிற்கும், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். கேட்க வேண்டிய இரண்டு கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் முந்தின ராத்திரியே எழுதி வைத்து, அதைத் திறந்தபடியே உள்ளே போங்கள். வெளியே வரும்போது அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.